ஆயிரம் காய்கள் வெறும் 93 ஆவது எப்படி?

தேர்தல் கருத்துக் கணிப்பு வரும்போதெல்லாம் வாசகர்கள் கேட்கும் கேள்வி: சேலம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி ஏறத்தாழ 35 லட்சம் பேர், ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு அத்தனை பேர் மனத்தையும் எப்படிச் சொல்கிறார்கள்?

சொல்லலாம். நாம் அறிய விரும்பும் மொத்தக் கூட்டம் முழுமைத்தொகுதி. அதிலிருந்து எடுத்துப் பார்க்கும் பகுதி மாதிரி. ஆயிரம் பேரும் குலுக்கல் முறையில், ஒருவர் தேர்வு மற்றவரைப் பாதிக்காமல் தேர்வானால், கருத்து பாதிக்குப் பாதி பிரிந்திருந்தாலும், நூற்றுக்கு 95 தடவை பிழை சுமார் 3 சதவீதப் புள்ளிக்குள் அடங்கும்; ஒரு பக்கம் 10 சதவீதம் போலச் சிறிதானால் பிழை இன்னும் குறையும். மாவட்டத்துக்கும் ஆயிரம் போதும், நாட்டுக்கும் அதே ஆயிரம் போதும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேர் வேண்டும். இவ்வளவும் பள்ளிப் பாடம். களத்தில் முதலில் உடைவது 'மற்றவரைப் பாதிக்காமல்' என்ற நிபந்தனை. அது உடையும் விதத்தை ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் அழகாக விளங்கும்.

பத்து ஏக்கரில் ஆறடிக்கு ஆறடி நட்ட அராபிகா வகைக் காபி என்றால் சுமார் 12,000 செடிகள். எத்தனை சதவீதக் காய்களில் காய்த்துளைப்பான் விழுந்திருக்கிறது? இந்தியாவில் 1990-இல் நீலகிரி மாவட்டக் கூடலூரில் முதலில் கண்டறியப்பட்ட வண்டு இது. பெண் வண்டு காயின் நுனியில் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளையிட்டு, உள்ளே கொட்டையில் முட்டையிடும். குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து, உடன்பிறந்தவற்றோடே இணைசேரும். ஆண் வண்டு பறக்காது. கருவுற்ற பெண் வெளியே வந்து, அருகிலேயே நல்ல காய் கிடைத்தால் அதில் நுழைந்துவிடும். பறிக்காமல் விட்ட பழைய காய்களும் அதே செடியடியில் அடுத்த தலைமுறையைக் காத்து வைத்திருக்கும். ஆகவே ஒரு காயில் துளை தெரிந்தால் அதே செடியின் அடுத்த காயிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த காயைப் பார்த்துப் புதிதாக அறிவது கொஞ்சமே.

இந்த 'கொஞ்சத்தை' எண்ணால் அளக்க முடியும் என்பதுதான் புள்ளியியலின் அருமை. ஒரே செடியின் காய்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவை, அதாவது ஒட்டுறவை (தொடர்பே இல்லையென்றால் 0, எல்லாம் ஒரே மாதிரி என்றால் 1), 0.2 என்றும், உண்மையான தாக்குதல் 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 20 செடிகளில் தலா 50 காய் எடுக்கிறோம். ஐம்பதில் ஒன்றைக் கழித்து 0.2-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 10.8. ஆயிரத்தை அதனால் வகுத்தால் 93. அதாவது ஆயிரம் காய் எண்ணியும் 93 தனித்தனிக் காய்களுக்கான தகவலே கையில் இருக்கிறது; பிழை 6 புள்ளிக்கு மேல். 200 செடிகளில் தலா 5 காய் எடுத்தால் அதே கணக்கில் வகு எண் 1.8. மாதிரி 556 காய்க்குச் சமமாகிறது, பிழை 2.5 ஆகச் சுருங்குகிறது. எண்ணிய காய்கள் இரண்டு தடவையும் ஆயிரம்தான். கூடியது நடை மட்டும்.

சரிவில் 200 செடி தேடி நடப்பது கூலிச் செலவு. எத்தனை செடி, செடிக்கு எத்தனை காய் என்பதை முன்னோட்டமாகச் சிறிய அளவில் எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம். இந்தியப் புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் 1937-இல் வங்காளத்துச் சணல் பரப்பைக் கணிக்கத் தொடங்கியபோது இப்படி முன்னோட்டங்கள் நடத்தி, செலவையும் பிழையையும் ஒன்றாக நிறுத்துப் பார்த்தார்.

செடியைத் தேர்வதிலும் கண்ணி உண்டு. வரிசைக்கு எண் கொடுத்து, எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். பாதையோரச் செடிகளை மட்டும் பார்த்தால் தோட்டத்தின் உட்பகுதி விட்டுப்போகும். பத்தாவது செடிதோறும் என்று போனால், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களும் அதே இடைவெளியில் நின்றிருந்தால் எல்லாம் நிழல் செடியாகவே அமைந்துவிடும். அடர்நிழலில் தாக்குதல் பொதுவாகக் கூடுதல். காயைக் கண்ணால் தேர்ந்தால் கை துளை விழுந்ததை நோக்கியே போகும். கிளையையும் கணுவையும் குலுக்கி எடுத்து, அந்தக் கணுவில் காம்புப் பக்கத்திலிருந்து வரிசையாக ஐந்து காய் எண்ணுவது நல்லது. துளைபட்ட இளங்காய்கள் உதிர்ந்துவிடுவதால் தரையில் கிடப்பதைத் தனியே எண்ணாவிட்டால் தாக்குதல் குறைவாகவே தெரியும். குப்பனூர்ப் பக்கத் தாழ்சரிவு வெப்பமானது, வண்டுக்குத் தோதானது. அதையும் மேட்டுத் தோட்டத்தையும் தனித்தனிப் பிரிவாக்கிக் கணக்கெடுக்க வேண்டும்.

மனிதர்களிடமும் இதே கணக்குதான். ஒரே தெருவில் 50 பேரைக் கேட்டால் அவர்கள் ஒரே செடியின் காய்கள். சேலம் ஐந்து ரோட்டில் நின்று ஆயிரம் பேரைக் கேட்பவருக்குக் கெங்கவல்லி, மேட்டூர் வாக்காளர் அகப்படவே மாட்டார். அதே ஐந்து ரோட்டில் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் அந்தக் கோணல் நிமிராது. எல்லா ஊரும் எல்லாத் தெருவும் அடங்கிய சரியான பட்டியல் இருந்தால்தான் குலுக்கலே சாத்தியம். அந்தப் பட்டியலைத் தருவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய அது தள்ளிப்போனதில், ஆய்வுகள் பல ஆண்டுகள் 2011 பட்டியலை வைத்தே ஓடின. புதிய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் இந்த அடிப்படைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.