மூட்டைத் தையலும் கண்ணாடி விரியனும்

பர்மாவில் பெகு பக்கத்து வயல்களில் அறுப்பு தொடங்கினால் எங்கள் பெரியப்பா முதலில் அரிவாளைத் தேடமாட்டார், பூட்ஸைத் தேடுவார். நெல் முற்றும் காலத்தில் தாளுக்குள் எலி வரும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். பர்மியர்கள் அதை ம்வேப்வே என்பார்கள். ஒரு மார்கழியில் வெறுங்காலோடு இறங்கிக் கணுக்காலில் கடி வாங்கியவர் அவர். பூட்ஸ் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பெரிய கருவி எதுவும் இல்லை. நர்ஸம்மா ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, மேஜை ஓரத்தில் நிறுத்தி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். 20 நிமிடம் கழித்து வந்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். நல்ல ரத்தமாக இருந்தால் அதற்குள் கட்டியாகி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியப்பாவின் ரத்தம் வடிகஞ்சி மாதிரி ஓடியது. (குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். உறைதலைத் தூண்டிவிடுவதே அந்தக் கண்ணாடிச் சுவர்தான். பிளாஸ்டிக்கில் வைத்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் வைத்தாலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றிவிடும்.)

இப்போது ரங்கூனில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பையன் மடக்கினான்: "சார், கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்த உறைய வைக்கும்னு போன வாரம் சொன்னீங்க. அப்புறம் எப்படி சார் பெரியப்பா ரத்தம் உறையாமப் போச்சு?"

சரியான கேள்வி. இரண்டுமே உண்மை. அது எப்படி என்று சொல்ல, புரதத்தை வெட்டும் நொதிகளிடம் போக வேண்டும்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோர்த்த ஒரு நூல். அதை வெட்டும் நொதிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. நம் வீட்டு ஙாப்பி ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்குள் கிடக்கும் மீனை, அதன் குடலிலும் சதையிலும் இருந்த நொதிகளே கொத்திக் கொத்தி விழுதாக்குகின்றன. கிருமிகளும் கூடமாட உதவும். இது அழிப்பு வேலை. வயிற்றில் சோறும் குழம்பும் செரிப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். இன்னொரு ரகம் பொறுமையானது. ஆயிரம் மணி கொண்ட நூலில் ஒரே ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு நறுக்கு நறுக்கிவிட்டு விலகிவிடும். அந்த நறுக்கில் புரதம் சாகாது, விழித்துக்கொள்ளும்.

நெல் மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் சணல் நூலைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் எங்கே வெட்டினாலும் மூட்டை திறக்காது. ஓரத்தில் இருக்கும் சரியான இழையை அறுத்து இழுத்தால் சர்ரென்று மொத்தத் தையலும் பிரிந்துவிடும். நம் ரத்தத்தில் உறைதலுக்கான புரதங்கள் அப்படித்தான் தைத்த மூட்டைகளாகச் சுற்றி வருகின்றன. காயம் பட்டால் ஒன்று பிரிந்து அடுத்ததைப் பிரிக்கும், அது அடுத்ததை. நடுவில் பத்தாம் காரணி என்று ஒரு மூட்டை. அது பிரிந்தால் த்ராம்பின் உருவாகும். த்ராம்பின், ஃபைப்ரினோஜன் என்ற கரைந்திருக்கும் புரதத்தின் முனைகளில் சின்னத் துணுக்குகளை நறுக்கிவிடும். மறைந்திருந்த ஒட்டும் இடங்கள் வெளியே வந்து, இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகும். அதுதான் கட்டி.

விரியனின் விஷத்தில் உள்ள ஒரு நொதி, பத்தாம் காரணியில் நம் உடம்பு எந்த இழையை அறுக்குமோ அதே இழையை அறுக்கிறது. இன்னொரு நொதி ஐந்தாம் காரணியை எழுப்பி, வேலையை இன்னும் விரட்டுகிறது. காயம் பட்ட இடத்தில் மட்டும் அடிக்க வேண்டிய மணியை ஊர் முழுக்க அடித்த மாதிரி. உடம்பெங்கும் த்ராம்பின் கிளம்பும், உடம்பெங்கும் பொடிப்பொடியாக வலைகள் உண்டாகும், பிளாஸ்மின் என்ற இன்னொரு வெட்டும் நொதி அவற்றைப் பின்னாலேயே கரைத்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் ஃபைப்ரினோஜன் கையிருப்பே தீர்ந்துபோகும். நர்ஸம்மாவின் குழாயில் உறைவதற்குச் சரக்கு இல்லை, அவ்வளவுதான். விஷத்தில் ரத்தக் குழாயின் சுவரை அரிக்கும் நொதிகளும் உண்டு. இந்த நிலையில் ஒருவரின் காலைப் பிளேடால் கீறி விஷத்தை எடுக்கிறேன் என்று கிளம்புவது எவ்வளவு ஆபத்து என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பையன் சொன்ன முதல் பாதியை 1934இலேயே ஒருவர் பயன்படுத்திப் பார்த்துவிட்டார். லண்டனில் ராபர்ட் மேக்ஃபார்லேன் என்ற இளம் மருத்துவர், மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றைக் கவனித்துவந்த பர்ஜெஸ் பார்னெட்டுடன் சேர்ந்து, கண்ணாடி விரியன் விஷத்தை மிகவும் நீர்க்கவைத்து, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளியின் காயத்தில் வைத்தார். ரத்தம் நின்றது. 30 வருடம் கழித்து, 1964இல், ஒன்று அடுத்ததை எழுப்பும் இந்தத் தொடர் விளைவை வரைந்து காட்டியவர்களில் அதே மேக்ஃபார்லேனும் ஒருவர். சின்னத் தூண்டலைப் படிப்படியாகப் பெருக்குவதுதான் இந்தத் தொடரின் பயன் என்றார் அவர்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். த்ராம்பின் ஃபைப்ரினோஜனோடு நிற்பதில்லை, செல்களிடமும் பேசுகிறது. காயத்தை அடைக்க ஒன்றுகூடி ஒட்டும் தட்டணுக்கள் என்ற சின்ன ரத்த அணுக்களை அது உசுப்பிவிடும் என்பது முன்பே தெரியும், எப்படி என்பதுதான் புதிர். ஹார்மோன் மாதிரி வந்து உட்கார்ந்து சேதி சொல்கிறதா? 1991இல் கலிஃபோர்னியாவில் ஷான் காக்லின் குழு, தவளை முட்டைகளுக்குள் மனித மரபுச் செய்தியைச் செலுத்தித் தேடி, த்ராம்பினுக்குப் பதில் சொல்லும் ஏற்பியை, அதாவது செல்லின் மேல் இருந்து வெளிச்சேதியை உள்ளே கடத்தும் புரதத்தை, பிடித்தது. பார்-1 என்று இப்போது பெயர்.

அந்த ஏற்பி செல்லின் உறையை ஏழு முறை ஊடுருவி, வெளியே ஒரு வாலை நீட்டிக்கொண்டிருக்கும். த்ராம்பின் அந்த வாலில் 41ஆவது, 42ஆவது அமினோ அமிலங்களுக்கு நடுவே நறுக்கும். நறுக்கியதும் புதிதாக வெளிப்பட்ட முனை வளைந்து, அதே ஏற்பியின் மடிக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். உடனே செல்லின் உள்ளே சேதி பாயும், தட்டணு உருமாறி ஒட்டத் தொடங்கும். சாவி வெளியிலிருந்து வரவே இல்லை, பூட்டிலேயே கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது, சாவியை மூடியிருந்த பையைக் கிழித்ததுதான் த்ராம்பினின் வேலை. இதை அந்தக் குழு நிரூபித்த விதம் அழகு: புதிய முனையின் 14 அமினோ அமிலங்களை மட்டும் தனியாகச் செய்து செல்கள் மேல் விட்டார்கள். த்ராம்பின் இல்லாமலே செல்கள் விழித்துக்கொண்டன.

வெட்டிய வாலை ஒட்டவைக்க வழியில்லை. அதனால் ஓர் ஏற்பிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு சேதிதான், தீக்குச்சி மாதிரி. ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களிலும் இதே ஏற்பி உண்டு. விரியன் கடித்தவருக்குள் த்ராம்பின் கட்டுக்கடங்காமல் கிளம்பும்போது எத்தனை குச்சிகள் வீணாக உரசப்படும்!

பர்மாவில் கடிபட்டுப் பிழைத்தவர்கள் சிலருக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்து போவதை 1987இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஹார்மோன் சேதிகள் நின்று, மாதக்கணக்கில் சோர்வு, உடம்பில் முடி உதிர்வு. சிறுநீரகம் கெடுவது அதைவிட அதிகம் நடக்கும்.

பெரியப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. குதிரைக்கு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் நச்சுமுறி மருந்து, பர்மா விரியனுக்கென்றே இங்கே தயாராகிறது. அதை ஏற்றினார்கள். மருந்து விஷ நொதிகளைக் கட்டிப்போடும், ஆனால் தீர்ந்த ஃபைப்ரினோஜனை ஈரல்தான் புதிதாகச் செய்து தர வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி சோதிப்பார்கள். அந்தத் தடவையும் குழாயில் ரத்தம் ஓடியது. இன்னொரு டோஸ், இன்னொரு ஆறு மணி நேரம். விடியற்காலையில் நர்ஸம்மா மூன்றாவது குழாயைச் சாய்த்தார், பிறகு எங்களுக்குக் காட்டவென்றே தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.