போல்ட்டே இல்லாத இடத்திலிருந்து ஒரு தள்ளு

கிருஷ்ணகிரி பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்கிறார்: “டிராக் (drag) பந்தயக் காரின் பின்பக்கத்துக்கு லேடர் பார் நல்லதா, ஃபோர் லிங்க் நல்லதா? லாரிக்குப் போடும் கமான் பட்டை போதாதா?” மூன்றுமே பின் ஆக்சிலை, அதாவது பின் சக்கர அச்சை, காரின் சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் முறைகள்.

டிராக் பந்தயம் என்பது வழக்கமாக 402 மீட்டர் நேர் ஓட்டம். கிளம்பும் கணத்தில் எடை பின்னால் சாயும் என்பது பள்ளிப் பாடம். 1,400 கிலோ காரின் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலும், அச்சுகளின் இடைவெளி 2.5 மீட்டராகவும் இருந்து, கார் ஒரு ‘ஜி’ முடுக்கத்தில் (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக) பாய்ந்தால், 280 கிலோ பின் டயர்களுக்கு மாறும். எந்த சஸ்பென்ஷனும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. அந்தச் சுமை டயரை எவ்வளவு விரைவாக எட்டுகிறது என்பதுதான் அதன் கையில் இருக்கிறது.

ஃபோர் லிங்க்கைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஆக்சிலுக்கு மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. இரண்டையும் முன்னோக்கிக் கோடாக நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். அங்கே போல்ட் இல்லை, இரும்பே இல்லை. ஆனாலும் அந்தப் புள்ளியில் கை வைத்துத் தள்ளுவதுபோலத்தான் ஆக்சில் காரைத் தள்ளுகிறது! இதுவே இன்ஸ்டன்ட் சென்டர்.

இனி பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து, முன் அச்சுக்கு நேர் மேலே ஈர்ப்பு மைய உயரத்தில் உள்ள புள்ளிக்கு ஒரு கோடு வரையுங்கள். இன்ஸ்டன்ட் சென்டர் அதற்குக் கீழே விழுந்தால் காரின் பின்பகுதி தாழும். மேலே விழுந்தால் உயரும். உடலை உயர்த்தும் விசைக்கு எதிர்விசை, ஆக்சிலைத் தரையோடு அழுத்துகிறது. ஸ்பிரிங் அமுங்கும்வரை டயர் காத்திருக்க வேண்டியதில்லை. நியூட்டனின் மூன்றாம் விதி இவ்வளவு அழகாக வேலை செய்யும் இடங்கள் குறைவு. அளவு மீறினால் முதல் அடி பலமாக விழும்; உடல் உயர்ந்து முடிந்ததும் டயர் பிடி தளர்ந்து சுழலும்.

லேடர் பார் என்பது ஆக்சிலோடு இறுகப் பிணைந்த ஏணி போன்ற தண்டு. இதில் அந்தப் புள்ளி முன்முனை போல்ட்டேதான். உறுதியானது, குழப்பம் குறைவு. முதல் காருக்கு நான் இதையே சொல்வேன். கமான் பட்டை பாரம் தாங்கப் பிறந்தது. பந்தய முறுக்கில் ‘எஸ்’ வடிவில் வளைந்து சக்கரத்தைக் குதிக்க வைக்கும்.

டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதால் பிடிப்பு அதிகரிக்காது. வேகத்தை நெடுஞ்சாலையில் சோதிப்பது உயிரைப் பறிக்கும். ஓசூரின் வாகனத் தொழிற்சாலைகளும் அரசும் சேர்ந்து மாணவர்களுக்கென ஒரு நேர்ப்பாதை அமைத்துத் தர வேண்டும். இந்த மாவட்டத்துக்கு அது நியாயமான செலவு.

முதல் காருக்குப் பிறகு ஃபோர் லிங்க்குக்கு மாறினால், ஒரு முறைக்குத் தண்டின் ஒரு போல்ட்டை மட்டும் அடுத்த துளைக்கு நகர்த்துங்கள். முதல் 18 மீட்டருக்கு ஆகும் நேரத்தை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.