தூண்டிலுக்கு ஒரு மேல் வரம்பு

இலங்கையின் மலையகத்திலுள்ள காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் கரையில் ஓய்வு நாளில் தூண்டில் போடுகிறவர்களிடம், மீன்பிடி விதிகளில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால், "பொடி மீனை எடுக்கிறதைத் தடுக்கணும்" என்ற விடைதான் அநேகமாக முதலில் வரும். குஞ்சு வளர்ந்து ஒரு தடவையாவது முட்டையிடட்டும், அதன் பிறகு சட்டிக்கு வரட்டும் என்ற அந்தக் கோரிக்கையில் தவறில்லை. ஆனால் கீழ் வரம்பு ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, அதற்கு மேற்பட்ட எந்த மீனையும் எடுக்கலாம் என்று விட்டால், சில தலைமுறைகளில் அந்த நீரின் மீன்கள் சிறுத்துப்போவதற்கு அந்த விதியே வழிவகுக்கக்கூடும். தூண்டில்காரர்கள் கேட்க வேண்டியது, கீழ் வரம்போடு சேர்ந்த ஒரு மேல் வரம்பு.

இதை விளங்கிக்கொள்ள, முதலில் வலை எப்படி மீனைத் தெரிவு செய்கிறது என்று பார்க்க வேண்டும். இலங்கையில் உள்நாட்டு மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம். நீர்த்தேக்கங்களில் பயன்படும் செவுள்வலையின் கண், இழுத்துப் பிடித்து அளக்கும்போது, 8.5 சென்றிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது நீண்டகாலமாக உள்ள விதி. செவுள்வலையில் மீன் தலையை நுழைத்து, செவுள் மூடியளவில் சிக்கிக்கொண்டு, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் மாட்டுகிறது. குஞ்சு கண்ணுக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மிகப் பெரிய மீனின் தலையோ கண்ணுக்குள் நுழையவே நுழையாது, அது வலையில் முட்டித் திரும்பிவிடும். பிடிபடும் மீன்களை நீளவாரியாக வரைபடமாக்கினால் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் ஒரு மணி வடிவம் கிடைக்கும். சட்டத்தை எழுதியவர்கள் குஞ்சுகளைத்தான் நினைத்திருப்பார்கள்; கிழட்டு மீன்களுக்கும் அது ஓரளவு பாதுகாப்புத் தருகிறது என்பது கேட்காமல் கிடைத்த இலாபம்.

தூண்டிலுக்கு அந்த மேல் எல்லை கிடையாது. பெரிய மீனுக்கு வாயும் பெரியது, பசியும் பெரியது. சிறிய முள்ளையும் விழுங்கும், பெரிய முள்ளையும் விழுங்கும். தூண்டில் போடுகிறவருக்கும் மனம் நிற்பது பெரிய மீனில்தான். தூண்டிலின் மீது ஒரு கீழ் வரம்பை மட்டும் சுமத்தினால், கொலை முழுவதும் நீரிலுள்ள மிகப் பெரிய மீன்களின் மீது குவிகிறது.

அதனால் இழக்கப்படுவது என்ன? மீனின் எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடியாகக் கூடும். 20 சென்றிமீற்றர் மீன் 30 சென்றிமீற்றருக்கு வளரும்போது நீளம் ஒன்றரை மடங்கு ஆகிறது, எடையோ மூன்று மடங்கைத் தாண்டுகிறது. முட்டையின் எண்ணிக்கையும் எடையோடு சேர்ந்தே கூடும், ஆகவே ஒரு கிலோ பெரிய மீனும் ஒரு கிலோ சிறிய மீனும் இனப்பெருக்கத்தில் சமம் என்றுதான் மீன்வளக் கணக்குகள் நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. 342 கடல் மீன் இனங்களின் தரவுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலான இனங்களில் அந்த எண்ணம் பிழை என்று காட்டியது. அட்லாண்டிக் கொட் மீனில் 30 கிலோகிராம் எடையுள்ள ஒரே ஒரு தாய் இடும் முட்டைகளுக்கு ஈடுசெய்ய 2 கிலோகிராம் தாய்கள் 28 வேண்டும். அவற்றின் மொத்த எடை 56 கிலோகிராம். முட்டைக்குள் இருக்கும் சத்தையும் கணக்கில் சேர்த்தால் 37 தாய்கள் வேண்டும். கடல் மீனின் எண்களை அப்படியே நம் நீர்த்தேக்கத்துக்குப் பொருத்தக் கூடாதுதான். என்றாலும் தாய் பெருக்கப் பெருக்க முட்டையும் பெருகும் என்ற போக்கு நன்னீருக்கும் பொதுவானது.

இரண்டாவது இழப்பு மரபுவழி வருவது, கண்ணுக்குத் தெரியாதது. 2002 இல் வெளியான ஒரு பரிசோதனையில் அட்லாண்டிக் சில்வர்சைட் என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்து, சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் உருவில் பெரிய 90 சதவீதத்தையும், வேறு சில தொட்டிகளில் உருவில் சிறிய 90 சதவீதத்தையும் அகற்றினார்கள். நான்கே தலைமுறைகளில், பெரியவற்றை இழந்த தொட்டிகளின் விளைச்சல் மற்றவற்றின் விளைச்சலில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. தீவனம் ஒன்று, நீரும் ஒன்று. மெதுவாக வளரும் மீன்கள் மட்டும் தப்பிப் பிழைத்து, மெதுவாக வளரும் இயல்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டன. கீழ் வரம்பு மட்டும் உள்ள நீர்நிலையில் தூண்டில் செய்வதும், இவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும், இதே வகையான தெரிவுதான்.

மலையக நீர்த்தேக்கங்களில் தூண்டிலில் அதிகம் விழும் திலாப்பியாவுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, நெருக்கடி வந்தால் உள்ளங்கை அளவு வளர்வதற்கு முன்பே முட்டையிடத் தொடங்கிவிடும். உடலை வளர்க்க வேண்டிய சத்து முட்டைக்குப் போவதால் அதன் பிறகு வளர்ச்சி மந்தமாகிறது. குளம் முழுவதும் முள்ளும் தோலுமான பொடி மீனாக நிறைகிறது. கரையோரம் ஆண் மீன் வாலாலும் வாயாலும் மணலில் தட்டுப் போன்ற ஒரு பள்ளத்தைத் தோண்டுகிறது. பெண் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாய்க்குள் அள்ளிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுகிறது. முட்டையை வாயில் வைத்திருக்கும் இரண்டு வார அளவில் அது பெரும்பாலும் இரை தின்பதில்லை. எப்போதாவது அப்படிப்பட்ட ஒரு தாய் முள்ளில் மாட்டினால், கரைக்கு வரும்போதே மஞ்சள் நிற முட்டைகளை, சில வேளை கண் வைத்த குஞ்சுகளை, துப்பிவிடும். துப்பியதை அது திரும்ப எடுக்க வழியில்லை. வெப்பவலயத்தில் திலாப்பியா ஆண்டு முழுவதும் இனம் பெருக்குவதால், "இனப்பெருக்க மாதங்களில் மீன்பிடியை நிறுத்துங்கள்" என்று சிலர் கேட்பது குளிர்நாட்டு ஏற்பாட்டின் எதிரொலி. இந்த மீனைப் பொறுத்தவரை எந்த மாதத்தை மூடுவது?

இரு வரம்பு விதி எளிமையானது. கீழ் அளவுக்குச் சிறியதை விடு, மேல் அளவுக்குப் பெரியதையும் விடு, இடைப்பட்டதை மட்டும் எடு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ரெட் டிரம் மீனுக்கு இந்த இடைவெளி 18 முதல் 27 அங்குலம், அதாவது சுமார் 46 முதல் 69 சென்றிமீற்றர். தப்பி மேல் வரம்பைத் தாண்டிய மீன் அதன் பிறகு ஆயுள் முழுவதும் முட்டையிடும். ஆனால் எல்லா மீனுக்கும் இதைக் கேட்பது அறியாமை. நீர்த்தேக்கங்களில் குஞ்சாக விடப்படும் புல் கெண்டை, பெருந்தலைக் கெண்டை ஆகியவற்றின் முட்டைகள் பொரிய நீண்ட தூர ஆற்றோட்டத்தில் மிதந்து செல்ல வேண்டும். தேங்கிய நீரில் அது நடவாது. அங்கே காப்பாற்ற வேண்டிய தாய் என்று ஒன்றும் இல்லை, ஆகவே குஞ்சு எடைபோடும் வரை காத்திருக்க வைக்கும் கீழ் வரம்பே போதும்.

மேல் வரம்பு பலன் தர ஒரு நிபந்தனை உண்டு: விடுவிக்கப்படும் மீன் உயிரோடிருக்க வேண்டும். நீருக்கு வெளியே செவுளின் மெல்லிய இழைகள், நனைந்த புத்தகத்தின் தாள்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. 1992 இல் வெளியான ஓர் ஆய்வுகூடச் சோதனையில், களைத்துப்போகும் வரை துரத்தப்பட்ட வானவில் ட்ரவுட் மீன்களில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் உயிரோடிருந்தன; துரத்தியபின் 30 விநாடி காற்றில் வைத்தபோது அது 62 ஆகவும், 60 விநாடி வைத்தபோது 28 ஆகவும் விழுந்தது. கையில் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க ஒரு நிமிடம் தாராளமாகப் போய்விடும்.

மலையகத்தில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம் கரையும் என்பது உண்மை: கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கரைகிறது. ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அதே குளிர் நீரில் அங்கு ஏறத்தாழ 8 மில்லிகிராமே கரையும். கொழும்புப் பக்கத்தில் 26 பாகை நீரில் கரையும் அளவும் அதுவேதான். நுவரெலியாவிலுள்ள கிரகரி வாவியின் குளிரை நம்பி மீனை நிதானமாகக் கையாளலாம் என்று நினைப்பதற்கு இடமில்லை. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் முள் நொடியில் கழன்றுவிடும். தொண்டைக்குள் இறங்கிய முள்ளைப் பிடுங்காமல் தங்கூசி நூலை வாயருகே வெட்டிவிடுவது மீனுக்கு நல்லது. மேல் வரம்பு கேட்கிறவர்கள் இவ்விரண்டையும் விதியோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளியில் இந்த வாதம் அப்படியே தலைகீழாகிறது. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்குக்காக விடப்பட்ட வானவில் ட்ரவுட் அங்குள்ள ஓடைகளில் நிலைத்துவிட்டது. அச்சமவெளிக்கே உரிய ஒரு சிறு நன்னீர் இறால் இனம் அதற்கு இரையாகிறது. 1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ள அந்த இடத்தில் பெரிய ட்ரவுட்டைக் காப்பது இறாலைக் கைவிடுவதாகும். ஒரே விதியை நாடு முழுவதற்கும் எழுதாமல் நீர்நிலைவாரியாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் மலையகத்தில் கிடைக்காது.

எஞ்சுவது அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கும் வேலை. கீழ் எண்ணுக்கு, பிடிபட்ட பெண் மீன்களின் வயிற்றைத் திறந்து எந்த நீளத்தில் பாதிக்குப் பாதி சினை பிடித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மேல் எண்ணுக்கு வளர்ச்சி வேகம் தெரிய வேண்டும். அதற்கு மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லைத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வளையங்களை எண்ணுவார்கள். குளிர்நாட்டு மீனில் மாரியும் கோடையும் மாறி மாறி வருவதால் ஆண்டு வளையம் தெளிவாக விழும். ஆண்டெல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வாழும் நம் மீனில் அது மங்கலாகவே இருக்கும். அதனால் இளம் மீன்களில் நாளுக்கு ஒன்றாகப் படியும் நுண்வளையங்களை எண்ண வேண்டியிருக்கிறது. நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வாலின் கடைசி நுனி வரையா, வால் பிளவு வரையா அளப்பது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதே மீன் ஒருவர் கையில் வரம்புக்கு உள்ளேயும் மற்றவர் கையில் வெளியேயும் நிற்கும். இந்த வேலைக்கு வேண்டிய தலைகளும் சினைகளும் மீன் கழுவும் இடத்தில் இப்போது நாய்க்கும் காக்கைக்கும் போகின்றன. அவற்றை நீளக் குறிப்போடு சேர்த்து அதிகாரிகளிடம் கொடுக்கத் தூண்டில்காரர்களே முன்வந்தால், காசல்ரீக்கு ஒரு சோடி எண்ணும் மவுசாகலைக்கு வேறொரு சோடி எண்ணும் கணக்கிட்டு எழுத முடியும்.