'மூடிய வளையத் தொடர்பு' வேண்டாமே

அவசர சிகிச்சைக் குழுக்களுக்கான பயிற்சிக் குறிப்பு எதைத் தமிழில் எடுத்தாலும் 'மூடிய வளையத் தொடர்பு' வந்து நிற்கிறது. 'க்ளோஸ்டு லூப் கம்யூனிகேஷன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினை.

பொருள் எளியது. குழுத் தலைவர் செவிலியரைப் பெயர் சொல்லி அழைத்து, "அட்ரினலின் 1 மில்லிகிராம், ஐ.வி." (இரத்தக் குழாய் வழியாக) என்கிறார். செவிலியர் அதையே திருப்பிச் சொல்கிறார். தலைவர் "சரி" என்கிறார். மருந்து ஏறியதும் "அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுத்தாச்சு" என்று குரல் வருகிறது.

சொல் பிறந்தது கட்டுப்பாட்டுப் பொறியியலில். முறை வளர்ந்தது விமானத் துறையில். 1977இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததற்கு, வானொலிப் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம். விமானிகளுக்கு வந்த குழுப் பயிற்சி பிறகு மருத்துவமனைக்கும் வந்தது.

'மூடிய' என்றால் தமிழில் என்ன தோன்றும்? மூடிய கதவு, மூடிய வாய், மூடி மறைத்தல். இங்கே வேலையே எல்லார் காதிலும் விழ உரக்கச் சொல்வது! மின்சுற்றுப் பாடத்தில் 'மூடிய சுற்று' சரிதான். நோயாளியைச் சுற்றி நிற்கும் ஐந்தாறு பேருக்கு அது எதற்கு?

'எதிரொலித் தொடர்பு' என்பார் உண்டு. கேட்க அழகு, பொருளோ தலைகீழ். "ஐம்பது" என்று கத்தினால் மலை ஒருநாளும் "எண்பது" என்று திருப்பாது. மனிதர் திருப்புவார். சொன்னது திரும்பி வருவதில்லை, காதில் விழுந்தது திரும்பி வருகிறது. பிழை பிடிபடுவதே அதனால்தான். முதலில் சொன்னவர் அதைக் கேட்டு "சரி" என்றோ "இல்லை, ஐம்பது" என்றோ சொல்லும் கடமையும் எதிரொலியில் இல்லை. 'பின்னூட்டம்' இன்னும் மோசம்: வேலை முடிந்தபின் வரும் கருத்து போல ஒலிக்கிறது. மருந்து ஏறுவதற்கு முன்பே அல்லவா சரிபார்க்க வேண்டும்?

'சொல்லிச் சரிபார்த்தல்' போதும். "சொல்லிச் சரிபார்த்தீங்களா?" என்று வார்டிலேயே கேட்கலாம். 'கூறியது கூறல்' நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று என்று புலவர்கள் சிரிக்கலாம். அது நூல் எழுதுவோருக்கான விதி. 'மீள்மொழி உறுதிப்பாடு' என்று வால் ஒட்டினால்தான் கலைச்சொல் என நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. சொற்பட்டியலைப் பார்த்தே பெயர்க்கிறார்கள், வேலை நடக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. 'ஹேண்டோவர்' என்றதும் 'கைமாற்றம்' என்கிறார்கள். கைமாற்று என்றால் கடன் ஐயா! நோயாளியை அடுத்த ஷிஃப்டிடம் விடுவதற்கு 'ஒப்படைப்பு' என்ற சொல் காலங்காலமாக இருக்கிறதே.