இரண்டு லட்சத்துக்கு மேல் ஆட்டம், 22 நிலை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்: "பிரவுசரில் விளையாடும் நம்பர் கேம் ஒன்று எழுதியிருக்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ரீஃபாக்டரிங் செய்து கொண்டு வா என்கிறார் எங்கள் சார். ஓடுகிறதை எதற்குக் கலைக்க வேண்டும்?"

ஆட்டம் எளிது. 21-இல் தொடங்கும். ஆளும் கணினியும் மாறி மாறி 1, 2 அல்லது 3 கழிக்க வேண்டும். கடைசியாகக் கழித்துப் பூஜ்யமாக்குகிறவருக்கு வெற்றி. சென்ட்ரலுக்குள் நுழைய வழி கிடைக்காமல் பேசின் பிரிட்ஜில் ரயில் நிற்கும்போது தாராளமாக நாலு ஆட்டம் போடலாம்.

கேள்விக்கான பதில் அவர் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. திரையில் வெறுமனே "21" என்று இருந்ததை "மீதம் 21" என்று மாற்றினாராம், ஆட்டம் நின்றுவிட்டதாம். நிற்காமல் என்ன செய்யும்? மீதம் எவ்வளவு என்பதை அவருடைய புரோகிராம் திரையில் இருந்த எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டிருந்தது. "மீதம் 21" என்பதை எண்ணாக மாற்றச் சொன்னால், 'இது எண்ணே இல்லை' என்று ஜாவாஸ்கிரிப்ட் கைவிரித்துவிடும். 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி அது. விநோதங்களுக்குக் குறைவில்லை. திரையிலிருந்து எடுத்த "21" என்ற எழுத்தில் 1 கழித்தால் ஒழுங்காக 20 வரும், 1 கூட்டினால் 211 வரும்!

வெளியே நடப்பது மாறாமல் உள்ளே இருப்பதை ஒழுங்குசெய்வதுதான் ரீஃபாக்டரிங். முதல் கட்டம் உங்கள் பாடத்திலேயே இருக்கும், அதனால் வேகமாகச் சொல்கிறேன். மீதம் எவ்வளவு, யார் முறை என்ற இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். திரை அதைக் காட்டட்டும், அதோடு சரி. ஆட்ட விதிக்குத் தனியாக ஒரு ஃபங்ஷன், அதாவது அந்த ஒரு வேலைக்கான புரோகிராம் துண்டு: இப்போதைய நிலையையும், ஆடுவது யார் என்பதையும், கழிக்கும் எண்ணையும் கொடுத்தால் அடுத்த நிலையைத் தரும், திரையைத் தொடாது. கணினி யோசிப்பதுபோல் காட்ட நீங்கள் வைத்திருக்கும் தாமதத்தில் ஆள் இன்னொரு முறை பட்டனைத் தட்டினால் இரண்டு தடவை கழிந்துவிடுமே, அதையும் இந்த ஃபங்ஷன் 'உன் முறை இல்லை' என்று தடுத்துவிடும்.

இனி எனக்குப் பிடித்த இடம். கணினி எப்படி ஆட வேண்டும் என்பதை அவர் இஃப் மேல் இஃப் போட்டு எழுதியிருக்கிறார். 7 இருந்தால் 3 எடு, 6 இருந்தால் 2 எடு என்று 21 வரை. அவ்வளவு இஃப் தேவையா என்று பார்க்க, முதலில் எத்தனை விதமான ஆட்டங்கள் உண்டு என்று எண்ணிப் பார்ப்போம். 1 இருந்தால் ஒரே வழி, 2 இருந்தால் இரண்டு, 3 இருந்தால் நான்கு. அதன் பிறகு ஒவ்வொன்றும் முந்தைய மூன்றின் கூட்டுத்தொகை: 7, 13, 24, 44... இப்படியே 21-க்குப் போனால் 2,23,317 வெவ்வேறு ஆட்டங்கள்.

ஆனால் எந்த வழியாக வந்தோம் என்பது யாருக்கு வேண்டும்? தெருவில் கேரம் ஆடுகிற இடத்தில் பாதியில் ஒருவர் கையில் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தால், அவருக்குக் காய்கள் எங்கே இருக்கின்றன, ரெட்டுக்கு ஃபாலோ பாக்கி இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். நம் ஆட்டத்தில் பாக்கிக் கணக்குகூட இல்லை. மீதமுள்ள எண் ஒன்றுதான். 0 முதல் 21 வரை மொத்தம் 22 நிலைகள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களும் இந்த 22-க்குள் அடங்கிவிடுகின்றன.

அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கி வரலாம். 0 உங்கள் முன் வந்தால் நீங்கள் ஏற்கெனவே தோற்றவர். 1, 2, 3 வந்தால் அப்படியே எடுத்து ஜெயிக்கலாம். 4 வந்தால்? எதை எடுத்தாலும் எதிராளிக்கு 3, 2, 1-இல் ஒன்றைத்தான் கொடுப்பீர்கள். தோல்வி. 5, 6, 7 வந்தால் எதிராளிக்கு 4-ஐத் தள்ளிவிடலாம், வெற்றி. 8 மறுபடி தோல்வி. விதி தனி ஃபங்ஷனாகிவிட்டதால் இந்தப் பட்டியலைக் கணினியே கண்சிமிட்டும் நேரத்தில் போட்டுவிடும். தோற்கும் எண்கள்: 0, 4, 8, 12, 16, 20. இப்போது அத்தனை இஃப்களும் ஒரே வரியாகின்றன: மீதமுள்ள எண்ணை 4-ஆல் வகுத்து, வருகிற மீதியை எடு. நாளை 4 வரை கழிக்கலாம் என்று விதியை மாற்றினால், 5-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

21-இல் முதலில் ஆடுகிறவர் 1 எடுத்து, அப்புறம் தவறே செய்யாவிட்டால் அவரை வெல்ல முடியாது. இது தெரியாமல் 'இந்த ஃபோனுக்கு ராசி' என்பவர்கள் இருப்பார்கள். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் வரும் என்று எண் ஜோதிடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் அது பெரிய ஆச்சரியமில்லை. குவியல் குவியலாகப் பொருள் வைத்து எடுக்கும் நிம் என்ற ஆட்டம் இதன் உறவுக்காரன். அதை முழுமையாக விடுவித்தவர் ஹார்வர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் பூட்டன், 1901-இல். 'இதனால் நாட்டுக்கு என்ன பயன்' என்று நிதி கேட்கும் படிவத்தில் எழுதச் சொல்லியிருந்தால் பாவம், திணறியிருப்பார். அரை நூற்றாண்டு கழித்து, 1951-இல், ஃபெராண்டி நிறுவனம் நிம் ஆடுவதற்கென்றே நிம்ராட் என்ற கணினியைச் செய்து பிரிட்டன் விழாவில் மக்கள் முன் வைத்தது.

ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைக் கையால் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று விட்டுவிடாத சார் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். ஆகவே பழையதை உடனே அழிக்காதீர்கள். 1 முதல் 21 வரை ஒவ்வோர் எண்ணையும் பழையது, புதியது இரண்டிலும் போட்டுப் பாருங்கள். 4, 8, 12, 16, 20 என்ற ஐந்து இடங்களில் முட்டும். நீங்கள் அனுப்பியதில் அங்கே 1 இருக்கிறது, என் ஒற்றை வரி 0 என்கிறது. ஒன்றுமே எடுக்காமல் இருக்க விதி இடம் தராது, ஆட்டம் அங்கேயே உறைந்துவிடும். உங்கள் 1-தான் சரி. அந்த இடங்களில் எதை எடுத்தாலும் தோல்விதான் என்றாலும், 4-இல் 3 எடுத்தால் எதிராளிக்கு மிஞ்சுவது 1, அவரால் தப்பு செய்யவே முடியாது. 1 எடுத்தால் 3 மிஞ்சும், அவர் அசந்தால் கணினி பிழைக்கும். மீதி 0 வந்தால் 1 எடு என்று சேர்த்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். 21-உம் பொருந்தினால் பழைய இஃப்களை அழித்துவிடலாம்.