உப்பு குறையாத உப்புத் தொட்டி

கடலூரிலிருந்து வந்திருந்த அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், "என்னப்பா, மெஷினெல்லாம் வெச்சிருக்கே, சோப்புல நுரையே வரலையே?" என்றார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய வீடு எங்களுடையது. தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் என்ற மெஷின் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

சர்வீஸுக்கு வந்த பையன் சட்டைப் பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் கருவியை, எடுத்தான். மெஷினுக்குள் போகும் தண்ணீர் 1240. வெளியே வருவது 1260. "பாருங்க சார், உள்ள போறதவிட வெளிய வர்றது ஜாஸ்தி. மெஷின் முடிஞ்சுபோச்சு. புதுசு போட்டுடலாம்."

அவன் காட்டிய எண்ணில் தப்பில்லை, முடிவில்தான் தப்பு. நேற்று வாங்கி மாட்டிய சாஃப்ட்னரிலும் அந்த மீட்டர் ஏறக்குறைய இதையேதான் காட்டும்.

குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. குழாய் முனையில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினாலும் 'உப்புத் தண்ணி' என்கிறோம். வாயில் வைத்தால் கரித்தாலும் 'உப்புத் தண்ணி' என்கிறோம். வேதியியலில் இவை இரண்டு சங்கதிகள். பொருக்குத் தட்டுவதும், சோப்பைத் திரித்து நுரையைக் கெடுப்பதும், ஹீட்டர் கம்பியில் கல்லாகப் படிவதும் கால்சியமும் மக்னீசியமும். இதுதான் கடினத்தன்மை. கரிப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது நாம் சாப்பிடும் உப்பேதான். சாஃப்ட்னர் முதலாவதைத்தான் எடுக்கும். அதையும் சும்மா எடுக்காது, பண்டமாற்று செய்யும்.

இந்தப் பண்டமாற்றைச் செய்வது மெஷினின் உருளைக்குள் இருக்கும் ரெசின் என்ற மணிகள். அதை ஒரு கை அள்ளிப் பார்த்தால், தேன் நிறத்தில் ஈர ரவை மாதிரி இருக்கும். ஒவ்வொரு மணியும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளால் பின்னிய வலை. வலை முழுக்க எதிர்மின் இருக்கைகள். புது ரெசினில் அவற்றில் சோடியம் உட்கார்ந்திருக்கும். போர் தண்ணீர் உள்ளே வந்ததும், இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் ஒன்று இரண்டு சோடியத்தை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியத்தின் எடை 40 என்றால் வெளியேறும் இரண்டு சோடியத்தின் எடை 46. ஆகவே தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவு குறைவதில்லை, ஒரு துளி கூடவே செய்கிறது. டிடிஎஸ் மீட்டரோ தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று மட்டும் பார்க்கும் கருவி. கரைந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

இருக்கைகள் எல்லாம் கால்சியத்தால் நிரம்பியதும், பக்கத்திலுள்ள உப்புத் தொட்டியிலிருந்து உப்புக் கரைசலை ஏற்றி ரெசினை மீட்கிறோம். இறுகப் பிடித்த கால்சியம் எப்படி விடும்? கரைசல் நீர்த்திருக்கும்போதுதான் அதன் பிடி வலுவானது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புள்ள கரைசல் வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. வீராம்பட்டினம் தேரோட்டத்தில் கூட்டம் நெருக்கினால் கம்பத்தைக் கட்டிப் பிடித்தவனும் கை நழுவுவான் இல்லையா, அப்படி. கரைசலின் அடர்த்தி ஏற ஏற, கால்சியத்துக்கு இருந்த அந்த முன்னுரிமையே குறைந்துபோகும் என்பது இதன் நுட்பம்.

இதை மனிதன் முதலில் பார்த்தது பிளாஸ்டிக்கில் அல்ல, வயல் மண்ணில். 1850-இல் இங்கிலாந்தில் தாம்சன், வே என்ற இருவர், அமோனியம் கரைசலை மண்ணில் ஊற்றினால் அமோனியம் மண்ணிலேயே தங்கி, பதிலுக்குக் கால்சியம் வெளிவருவதை எழுதிவைத்தார்கள். களிமண்ணிலும் அதே எதிர்மின் இருக்கைகள் உண்டு.

இங்கேதான் நம் கடலோரம் கதைக்குள் வருகிறது. போர் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால், கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல். அது களிமண்ணைத் தொட்டதும், மண் அதுவரை பிடித்துவைத்திருந்த கால்சியத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறது. நாம் உப்புத் தொட்டியால் ரெசினுக்குச் செய்வதை, கடல் நம் தெருவுக்கு அடியில் மண்ணுக்குச் செய்கிறது. அந்தக் கழிவு நம் போரில் ஏறுகிறது. போதாததற்குக் கடல்நீரே கடும் கடினநீர். நூறு லிட்டரில் இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தாலே கடினத்தன்மை லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கூடிவிடும். ஆக, கடலோரத்தில் 'உப்புத் தண்ணி' என்று இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த நம் பாட்டிமார்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

சரி, மெஷின் முடிந்துபோனதா? டிடிஎஸ் மீட்டரைத் தூக்கி வைத்துவிட்டு, கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து கிட் ஒன்று வாங்கினேன். சிவப்பாக இருக்கும் தண்ணீர் எத்தனை சொட்டில் நீலமாகிறது என்று எண்ணினால் போதும். கிட் இல்லாதவர்கள் பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்துக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்கலாம். பக்கத்திலேயே ஆர்ஓ தண்ணீரையும் அதேபோல் குலுக்கி ஒப்பிட வேண்டும். துணி பவுடர் உதவாது, அது கடினநீரிலும் நுரைக்கும்.

முக்கியம், எப்போது சோதிக்கிறோம் என்பது. ரெசினுக்கு உப்பு ஏற்றி, அலசி முடித்த கையோடு ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போதே தண்ணீர் கடினமாக வந்தது. அப்படியென்றால் ரெசின் களைத்துப்போயிருக்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. உப்பு அதன் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அப்போதுதான் உறைத்தது: உப்புத் தொட்டியில் ஒரு மாதமாக உப்பே குறையவில்லை! சிக்கனமாக ஓடுகிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

குற்றவாளி நான்தான். மரக்காணம் வழியாக வரும்போதெல்லாம் உப்பளத்து ஓரத்தில் ஒரு மூட்டை கல் உப்பு வாங்கிப் போடுவது என் வழக்கம். சமையலுக்கு அருமையான உப்பு. ஆனால் அதில் கொஞ்சம் மண்ணும் வரும், மக்னீசியமும் வரும். வால்வுக்குள் உப்புக் கரைசலை உறிஞ்சும் இன்ஜெக்டரின் துளை மிகச் சிறியது. மண் போய் அதை அடைத்திருந்தது. கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ இருபது நிமிடம் ஆனது. வேறு வீடுகளில் இதே அறிகுறிக்கு வேறு காரணமும் இருக்கும்: உப்பு மேலே பாலம் போல் இறுகி அடியில் வெற்றிடமாக நிற்கும், ஒரு குச்சியால் குத்தினால் சரியாகிவிடும். தண்ணீரை மெஷினுக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு பாதி திறந்திருப்பதும், ரப்பர் வளையம் தேய்ந்து கடினம் போகாத தண்ணீர் கலப்பதும் உண்டு. எதற்கும் புது மெஷின் வேண்டாம்.

அடுத்த நாள் தண்ணீர் பட்டாக வந்தது. ஆனால் முன்பெல்லாம் ஒருமுறை உப்பு ஏற்றினால் ஆறு நாள் தாங்கியது, இப்போது மூன்று நாளில் நுரை குறைந்தது. இங்கே கணக்குப் போடாமல் ரெசினைப் பழிக்கக் கூடாது. ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். எங்களுடையது 25 லிட்டர். மொத்தம் 1250 கிராம். மெஷின் வைத்தபோது போர் தண்ணீரின் கடினம் லிட்டருக்கு 400 மில்லிகிராம். அப்படியானால் 3125 லிட்டர் வரும். தினம் 500 லிட்டர் செலவழித்தால் ஆறு நாள். இப்போது கிட் காட்டியது 560. அதன்படி 2230 லிட்டர், நாலரை நாள். (இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை.) ஆக, குறைந்த மூன்று நாளில் பாதி எங்கள் தெருத் தண்ணீரின் வேலை. மீதி ஒன்றரை நாள்தான் ரெசினின் கணக்கு.

உருளையைத் திறந்து ஒரு கரண்டி ரெசின் எடுத்தேன். தேன் நிறம் போய், காய்ந்த மிளகாய் நிறம். புதுச்சேரி கோரிமேட்டின் செம்மண்ணைச் சிவக்கவைத்த அதே இரும்புதான். அந்தச் செம்மண் மேடு, நிலவியலார் 'கடலூர் மணற்கல்' என்று பெயரிட்டிருக்கும் பாறை அடுக்கு. திருவக்கரையின் கல்மரங்களும் அதில்தான் கிடக்கின்றன. போர் தண்ணீரில் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வரும். மணிகளுக்குள் நுழைந்தபின் காற்றுப்பட்டுத் துருவாகி இருக்கைகளை மூடிவிடும். ஆரம்பத்திலேயே பார்த்தால் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து ஓரளவு மீட்கலாம். நகராட்சிக் குடிநீர் ஏற்றும் வீடுகளில் எதிரி வேறு: குளோரின், வலையின் குறுக்கு இழைகளை அறுத்துவிடும். மணிகள் ஊதிக் குழைந்து, குழாயில் வேகம் குறையும்.

விரலிடுக்கில் மணிகளை வைத்து நசுக்கினேன். நல்ல மணி வழுக்கி ஓடும். இவற்றில் பலதும் நொறுங்கின. பத்துப் பதினைந்து வருஷம் உழைக்க வேண்டிய சரக்கு, எங்கள் தண்ணீரில் ஒன்பதிலேயே ஓய்ந்துவிட்டது. ஒரு மூட்டை, 25 லிட்டர், புது ரெசின் மட்டும் வாங்கி நிரப்பினோம். உருளையும் வால்வும் பழையவையே; உருளையில் விரிசலோ, வால்வுக்கு உதிரிபாகம் கிடைக்காத நிலையோ இருந்திருந்தால் மொத்தமாக மாற்றியிருப்பேன். இப்போது போடுவது சுத்திகரித்த உப்பு. குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ தண்ணீர்தான். 560 கடினத்தை மாற்றினால் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் சேரும், ரத்த அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் அதைக் குடிக்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு அத்தை மறுபடி வந்தார். குளியலறையிலிருந்தே குரல் வந்தது: "நுரை வருதுப்பா, சரி. ஆனா எவ்வளவு ஊத்தினாலும் வழவழன்னே இருக்கே, சோப்பு போகவே மாட்டேங்குது!"