ஊசி குத்துனா யார்கிட்ட சொல்றது?

மே 12, நர்ஸுங்க தினம் வந்தா எங்க ஆஸ்பத்திரியில கேக் வெட்டுவாங்க, ரோஜாப்பூ குடுப்பாங்க, மெழுகுவர்த்தி புடிச்சு உறுதிமொழி எடுப்போம், ஒரு வருசம் யோகா மாஸ்டர் ஒருத்தரு வேற வந்து மூச்சை இழுங்க விடுங்கன்னாரு, அதுக்கு நைட் டியூட்டி முடிச்சு தூங்கப் போக வேண்டிய புள்ளைங்களைப் புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. நல்ல மனசோடதான் செய்யறாங்க, குறை சொல்லல. ஆனா வார்டு இன்சார்ஜா இருந்து இப்ப இன்ஃபெக்சன் கன்ட்ரோல் பாக்கற எனக்கு, ஒரு ஆஸ்பத்திரி ஸ்டாஃபை எப்படிப் பாத்துக்குதுன்னு தெரிஞ்சுக்க ஒரு கேள்வி போதும். ராத்திரி மூணு மணிக்கு ஒரு நர்ஸ் பொண்ணுக்கு, பேஷன்ட்டுக்குப் போட்ட ஊசி கையில குத்திடுச்சுன்னா அவ யார்கிட்டயாவது சொல்லுவாளா, இல்ல கையைக் கழுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவாளா?

நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு பொண்ணு அப்படித்தான் போயிட்டா. கொங்குப் பக்கம் ஒரு ஊரு, மெடிக்கல் வார்டு, பேஷன்ட்டுக்கு டிரிப்ஸ் லைன் அவுட் ஆயிடுச்சுன்னு புதுசா வென்ஃப்ளான் (நரம்புல போடற சின்னக் குழாய்) போட்டுட்டு ஊசியை டிரேயில வெச்சிருக்கா, பிளாஸ்டர் எடுக்கக் கையை விட்டப்ப கட்டைவிரல்ல குத்திடுச்சு. அஞ்சு நாள் கழிச்சு அவ ஹாஸ்டல் ரூம்மேட் வந்து என்கிட்ட சொல்றா, மேடம் அவ சாப்பிடவே மாட்டேங்கறா, ராத்திரியெல்லாம் போன்ல எச்ஐவி எச்ஐவின்னு தேடிட்டே இருக்கான்னு. கூப்பிட்டு ஏன் கண்ணு அன்னிக்கே சொல்லலைன்னு கேட்டேன். பேசவே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு, போன மாசம் அந்த அக்காவை எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே மேடம்னா.

ஆமா, கேட்டேன். காலையில ஹேண்ட் ஓவர்ல பத்துப் பதினஞ்சு பேரு நிக்கறப்ப, ஊசி குத்துன இன்னொரு பொண்ணைப் பாத்து, ரீகேப் பண்ணாத, போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாதன்னு எத்தனை தடவை சொல்றதுன்னு கத்துனது நான்தான். அதுக்கப்புறம் அவகிட்ட எக்ஸ்பிளனேசன் லெட்டர் வாங்குனாங்க, பிளட் டெஸ்ட் காசையும் சம்பளத்துல புடிச்சுட்டாங்க. இதெல்லாம் பாத்தவ எப்படி வாயைத் திறப்பா?

இதுல நேரம்தான் முக்கியம், அதனால சொல்றேன். குத்துன உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவணும், அமுக்கி ரத்தத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது, ஸ்பிரிட் டெட்டால் ஊத்தக் கூடாது. அடுத்து கேசுவால்ட்டி டாக்டர் பாத்து எச்ஐவி தொத்தாம தடுக்கற பெப் மாத்திரை தேவையான்னு முடிவு பண்ணுவாங்க. தேவைன்னா 2 மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் போட்டா நல்லது, 72 மணி நேரம் தாண்டிட்டா அந்த மாத்திரையால பலன் இல்ல, ஆரம்பிச்சா 28 நாள் விடாம போடணும். இந்தப் பொண்ணு வந்தப்ப அந்த 72 மணி நேரம் போயிருச்சு. எச்ஐவி இருக்கற பேஷன்ட்டோட ஊசி குத்துனாலே ஆயிரத்துல மூணு பேருக்குத்தான் தொத்துற வாய்ப்பு, ஆனா அதைச் சொல்ல பக்கத்துல ஆள் இருந்தாத்தானே அவளுக்குத் தெரியும். நல்லவேளை அந்தப் பேஷன்ட்டுக்கு டெஸ்ட் நெகட்டிவ், எதுவும் ஆகல. ஆனா அந்த அஞ்சு ராத்திரி அவ தனியா கிடந்தாளே.

நிஜமா பயப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. தடுப்பூசி போடாதவங்களுக்கு, அந்த நோய் இருக்கறவங்களுக்குப் போட்ட ஊசி குத்துனா நூத்துக்கு 6ல இருந்து 30 வரைக்கும் தொத்தலாம். இதுக்குத் தடுப்பூசி இருக்கு, 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ், கடைசி டோஸ் போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல டைட்டர், அதாவது ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவுன்னு, பாத்தா 10க்கு மேல இருக்கணும். நர்ஸுங்களுக்குப் போட்டுடறோம், ஹவுஸ்கீப்பிங் அக்காங்களை விட்டுடறோம். ஒரு அக்கா, அம்பது வயசு இருக்கும், ஆஸ்பத்திரிக் கழிவு போடற மஞ்சப் பையைக் கட்டறப்ப உள்ள இருந்த ஊசி கிளவுஸைத் தாண்டி உள்ளங்கையில ஏறிடுச்சு. ஷார்ப்ஸ், ஊசி பிளேடு மாதிரி கூரானதெல்லாம், வெள்ளை டப்பாவுலதான் போடணும், மஞ்சப் பையில போட்டவங்க நம்மள மாதிரி படிச்சவங்கதான். தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு கேட்டா, "எங்களுக்கெல்லாம் போடுவாங்களாங்க சிஸ்டர்?"னு கேக்கறாங்க. ஆஸ்பத்திரியில கேட்டா அவங்க கான்ட்ராக்ட், ஏஜென்சிதான் பாக்கணும்ங்கறாங்க. 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் ரூல்ஸ்ல, கழிவைக் கையாள்ற எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி ஆஸ்பத்திரிதான் போடணும், வருசத்துக்கு ஒரு தடவையாவது ஹெல்த் செக்கப் பண்ணணும்னு எழுதியிருக்கு. 2017 எச்ஐவி சட்டமும் இதே மாதிரிதான், ரிஸ்க் இருக்கற இடத்துல வேலை பாக்கறவங்களுக்கு பயிற்சியும் பெப் மாத்திரையும் நிர்வாகம்தான் குடுக்கணும். சம்பளத்துல புடிச்ச அந்தக் காசை நினைச்சா இப்பவும் எனக்கு எரிச்சலா இருக்கு.

ரீகேப் விஷயத்துக்கு வர்றேன். கத்துனதுக்கு அப்புறம் ஒரு நாள் நைட் ரவுண்ட்ஸ்ல அந்த வார்டுல சும்மா நின்னு பாத்தேன். வெள்ளை டப்பா நர்ஸிங் ஸ்டேசன்ல இருக்கு, கடைசி பெட் நாப்பது அடிக்கு அந்தப் பக்கம். ஊசி போட்ட கையோட, நடுவுல பேஷன்ட்டோட அட்டெண்டருங்க படுத்திருக்காங்க, கட்டில் கால் தட்டுது, மூடாம அந்த ஊசியைத் தூக்கிட்டு வர்றதுக்குப் பயந்துதான் மூடறாங்க. அன்னிக்கு லீவு போட்டவளுக்குப் பதிலா டபுள் டியூட்டி பாத்தவ வேற, சாயந்தரத்துல இருந்து பாத்ரூம் போகலைன்னா. ஒவ்வொரு டிராலியிலயும் சின்ன டப்பா ஒண்ணு மாட்டுனோம், முக்கால் நிறைஞ்சா மாத்தணும்னோம், குத்தறது குறைஞ்சுது. கத்துனதுல எதுவும் குறையல.

இன்னொண்ணு, கவுரவமா கேக்க ஆரம்பிச்சப்ப ரிப்போர்ட் கூடிடுச்சு. மீட்டிங்ல மேனேஜ்மென்ட் பதறிட்டாங்க, என்ன சிஸ்டர் இந்த மாசம் இத்தனை நீடில் பிரிக், டிரெய்னிங் சரியில்லையான்னு. முன்னாடியும் இத்தனைதான் சார் குத்துச்சு, இப்பதான் சொல்றாங்கன்னு புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

மாத்திரை ஆரம்பிச்சவங்களோட 28 நாள் வேற கதை. குமட்டல், சரியா தூக்கம் வராது, வீட்டுல மாமியார் என்ன மாத்திரைன்னு கேப்பாங்கன்னு டப்பா லேபிளைக் கிழிச்சு வைட்டமின் டப்பாவுல கொட்டி வெச்ச பொண்ணு இருக்கா. புருசன்கிட்ட காண்டம் பத்தி எப்படிப் பேசறதுன்னு தெரியாம பொறந்த வீட்டுக்குப் போனவ இருக்கா. 6 வாரம், 3 மாசம்னு டெஸ்ட் முடியற வரைக்கும் யாராவது ஒருத்தரு வாரத்துக்கு ஒரு போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேக்கணும், அந்த ஒருத்தரும் விஷயத்தை கேன்டீன் வரைக்கும் கொண்டு போகாத ஆளா இருக்கணும். ஆஸ்பத்திரியில யார்கிட்டயும் பேச முடியலைன்னா டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் 14416 இருக்கு, இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். எச்ஐவி சந்தேகத்துக்கு 1097.

நீங்க இன்சார்ஜோ மேட்ரனோ ஆஸ்பத்திரி நடத்தறவங்களோ யாரா இருந்தாலும், இன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு மேல வார்டுக்குப் போன் போட்டு, பெப் மாத்திரை எங்க இருக்குன்னு டியூட்டியில இருக்கற சின்னப் பொண்ணுகிட்ட கேட்டுப் பாருங்க. நான் முதல் தடவை கேட்டப்ப மாத்திரை இருந்த அலமாரி சாவி பர்ச்சேஸ் மேனேஜர் வீட்டுல இருந்துச்சு.